ஃபாரத்தில் இல்லாத பெயர்

கார்த்தி,

உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று உன்னை நர்ஸ் வேலைக்கு ஜாம்பியாவுக்கு எடுத்த ஆபீஸ்காரர்கள் ஃபாரத்தில் கேட்ட இடத்தில், பெற்றவள் நான் உயிரோடு இருக்கும்போது, நீ என் பெயரை எழுதவில்லை. சோழவந்தானில் இருக்கும் உன் மாமாவின் பெயரை எழுதியிருக்கிறாய். நீ எனக்குச் செய்த அநியாயம் இதுதான். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஆரம்பித்துக் கடைசியில் போகிறபோக்கில் இதைக் கேட்டால், நீ சிரித்தே மழுப்பிவிடுவாய்.

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். கேட்டேன், நீ சொன்ன பதிலுக்கு எனக்கு அப்போது வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நம் போன் பேச்சும் எனக்குப் பிடிபட்டுவிட்டது. நீ 'ஹலோ' என்கிறாய், நான் 'கேக்குதா' என்கிறேன், அதிலேயே பாதி போய்விடுகிறது. மிச்சத்தில் 'நல்லா இருக்கேன்', 'நல்லா இரு' என்று முடித்துக்கொள்கிறோம். வருகிற வெள்ளிக்கிழமை உன் பயிற்சி முடிகிறது. உறுதிமொழி எடுக்க வைத்து, மறுநாள் காலையில் லாரியில் ஏற்றி, ஒரு நாள் முழுக்க ஓட்டி, அப்புறம் படகில் ஆற்றைக் கடத்தி நீ வேலை பார்க்க வேண்டிய கிராமத்தில் விடப்போகிறார்கள். அங்கே குன்று மேல் ஏறினால்தான் சிக்னல் என்று நீயே சொன்னாய். ஃபாரத்தில் எதையாவது மாற்றுவதென்றால் வெள்ளிக்கிழமைக்குள் மாற்ற வேண்டும். அதற்குள் இது உன் கைக்கு வரும். பக்கத்து வீட்டு மெர்சி டீச்சர் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "இதையெல்லாம் எழுதணுமாக்கா?" என்றாள். எழுதணும் என்றேன். சாயங்காலம் திரும்பி வந்து, இதை அவர்கள் சபைப் பத்திரிகையில் போடலாமா என்று கேட்டாள். போடு என்றுவிட்டேன். பிள்ளையைக் கண்காணாத இடத்துக்கு அனுப்பிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் வீடு இந்தத் தெருவிலேயே நாலு இருக்கிறது. எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று மாமா உன்னிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பார். நடந்தது இதுதான். போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தலை வாரச் சீப்பு வேண்டும் என்றதற்கு உன் அத்தை கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது என்றாள். கையை விட்டால் சீப்போடு சேர்ந்து ஒரு கவர் வந்தது. வெளிநாட்டுத் தபால்தலை. உள்ளே உன் ஆபீஸ் அனுப்பிய ஒரு இங்கிலீஷ் புத்தகம், அதன் அட்டையில் உன் பெயர். கவர் பிரித்து இருபது நாளாவது இருக்கும், ஓரமெல்லாம் மடங்கிப் போயிருந்தது.

"என்னண்ணே இது?"

"அதுவா, ஏதோ விளம்பரம்த்தா. பேப்பர்க்காரனுக்குப் போட்டுருவோம்னு வச்சிருக்கேன்."

"விளம்பரத்துல எம்மகன் பேரு எதுக்கு?"

அடுப்படியில் இருந்து உன் அத்தை சொன்னாள்: "வந்த அன்னைக்கே சொன்னேன், தங்கச்சிகிட்டச் சொல்லிருங்கன்னு. எங்க கேக்குறாக. தபாலாபீஸ்ல இருந்தவுகளுக்குக் கவரக் கண்டா ஒளிக்கத்தான் தோணும்."

"நீ சும்மா கெட" என்று அவளை அதட்டிவிட்டு மாமா என் பக்கம் திரும்பினார். "அவன்தான் எம்பேரக் கொடுத்தான். எனக்கு இங்கிலீஷ் தெரியும்ல. ஆபீஸ்ல இருந்து போன் வந்தா நான் பேசிக்கிருவேன். ஒனக்கு எதுக்கு இம்புட்டுக் கவலை?"

கவலைப்படும் உரிமையைக்கூட அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டாயா என்று அங்கேயே கேட்டிருப்பேன். கேட்க நீ அங்கே இல்லை. புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டேன். அத்தை வைத்த மீன் குழம்பைச் சாப்பிடாமல் வந்ததில் அவளுக்கு இன்னும் வருத்தம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்பது உனக்குத் தெரியும். பொட்டலம் கட்டி வந்த பேப்பரையும், பிறகு உன் பாடப் புத்தகங்களையும் படித்து எனக்கு நானே கற்றுக்கொண்ட எழுத்துதான் இது. உன் அப்பா போன பிறகு மாவு மில்லில் கல் கொத்தவும் பெல்ட் மாற்றவும் எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? இந்தப் புத்தகத்தையும் அப்படித்தான் படித்தேன். உன் பழைய டிக்ஷனரியை மில் பலகையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தைக்கும் பென்சிலால் அர்த்தம் எழுதி, நான்கு நாள். மல்லி அரைக்க வந்த ஒருத்தி, "யக்கா, மில்ல நிறுத்திட்டு என்னத்தப் படிக்கிறீக, பரீட்சையா?" என்றாள். ஆமாம், என் மகன் வைத்த பரீட்சை என்றேன். எட்டாம் பக்கத்தில் அது இருந்தது. ஊழியருக்கு உடல்நலக் குறைவோ, விபத்தோ, அதற்கும் மேலோ நேர்ந்தால் தொடர்புக்குக் கொடுக்கப்பட்டவருக்கு மட்டுமே முதலில் தெரிவிக்கப்படும். மற்ற குடும்பத்தாருக்கு எப்போது, எப்படிச் சொல்வது என்பதை அவரே முடிவு செய்துகொள்வார். இந்த இரண்டு வரிக்கும் அர்த்தம் எழுதி முடித்த பிறகு, தப்பாக எழுதியிருக்கிறேனோ என்று மறுபடி டிக்ஷனரியைப் புரட்டினேன். தப்பில்லை. அங்கே நான் 'மற்ற குடும்பத்தார்'.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது கேட்டேன். ஏன்டா என் பெயர் இல்லை என்று.  

"ஒன்னால தாங்க முடியாதும்மா."

"எத?"

"எதையும்."

"யாரு சொன்னா? ஒங்கப்பா போனப்ப நான் தாங்கலையா?"

அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். கோபமாகச் சொல்லவில்லை, ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாய். "அன்னைக்கு என்கிட்ட அப்பாவுக்குக் காய்ச்சல்னுதானம்மா சொன்ன."

கார்த்தி, ஏழு வருஷமாக நாம் இரண்டு பேரும் சுற்றிச் சுற்றிப் போன இடம் அது. நான் எழுதிவிடுகிறேன். படிக்கிறவர்களும் தெரிந்துகொள்ளட்டும், நியாயம் முழுவதும் என் பக்கம் என்று யாரும் நினைக்க வேண்டாம். காலை ஏழு மணிக்கு மில் கதவைத் திறந்த கையோடு உன் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூட்டை மேல் சாய்ந்தார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. நீ கோயம்புத்தூரில் நர்சிங் மூன்றாம் வருஷம். எட்டு மணிக்கு உனக்குப் போன் போட்டேன். அப்பாவுக்கு லேசாகக் காய்ச்சல், ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போ என்றேன். லேசான காய்ச்சல்தானே என்று நீ மதியம்வரை வகுப்பில் உட்கார்ந்திருந்துவிட்டுப் பஸ் ஏறினாய். அதற்கு உன்னைக் குறை சொல்ல முடியுமா? ஏறியதும் எனக்குப் போன் செய்தாய். நர்சிங் படிக்கிற பிள்ளை, சும்மா இருப்பாயா? காய்ச்சல் எவ்வளவு இருக்கிறது, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாயா என்று கேட்டாய். நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். நூற்றி ஒன்று என்றேன். மாத்திரைப் பெயர் ஒன்று சொல்லி அதைக் கொடு என்றாய். கொடுத்துவிட்டேன் என்றேன். திண்டுக்கல் பக்கம் வரும்போது மறுபடி கூப்பிட்டாய். இப்போது எப்படி இருக்கிறார்? தூங்குகிறார் என்றேன். சுற்றி இருந்த பெண்கள் சத்தம் உனக்குக் கேட்டுவிடக் கூடாது என்று கையைக் காட்டி அவர்கள் அழுகையை நிறுத்தச் சொன்னேன், அவர்களும் நிறுத்தினார்கள். ஒருத்தர்கூட, ஏன்டி பிள்ளையிடம் பொய் சொல்கிறாய் என்று கேட்கவில்லை. எல்லார் வீட்டிலும் அப்படித்தான் சொல்கிறோம். என் அப்பா இறந்தபோது எனக்கும் மாடியில் வழுக்கி விழுந்துவிட்டார் என்றுதான் சொன்னார்கள்.

சாயங்காலம் நீ ஆரஞ்சுப் பழப் பையோடு தெருமுனையில் இறங்கி, பந்தலைப் பார்த்துவிட்டு, அங்கேயே நின்றாய். உன்னைக் கூட்டிவர மாமாதான் வந்தார். உன்னிடம் அப்படிச் சொல்லச் சொல்லி எனக்கு யோசனை கொடுத்ததும் அவர்தான். வேலையில் இருந்த காலமெல்லாம் தந்தி கொண்டுபோய், அதில் இருப்பதில் பாதியை மட்டும் வாசித்துக் காட்டிப் பழகிய மனிதர். முழுசும் சொன்னால் அங்கேயே விழுந்துவிடுவார்கள், ஊர் வந்து சேர மாட்டார்கள் என்பார். நீ காரியம் முடிந்து கிளம்புகிற அன்று ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டாய்: "பஸ்ல நான் பாட்டுக் கேட்டுக்கிட்டு வந்தேன், தெரியுமாம்மா?"  உனக்கு இட்லி கட்டிக்கொண்டிருந்தேன்.

அது தப்பு. இதை உன்னிடம் இதுவரை நான் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். நீ தனியாகப் பஸ்ஸில் அழுதுகொண்டு வருவாயே, பிடித்துக்கொள்ள ஆள் இல்லையே என்றுதான் சொன்னேன். காரணம் நல்ல காரணம்தான், அதில் நான் இறங்கி வர மாட்டேன். ஆனால் அதற்கு வழி, உண்மையைச் சொல்லிவிட்டு, உன் அறையில் இருந்த பையனிடம் நீயும் கூட ஏறி வா தம்பி என்று கேட்டிருக்க வேண்டியது. ஒரு போன் அதிகம், அவ்வளவுதான். எனக்கு அது தோன்றவில்லை. நீ இனிமேல் இருக்கப்போகிற ஊரில் நர்ஸ் நீ ஒருவன்தான். இப்படிப்பட்ட சேதியை ஆற்றங்கரையில் காத்திருப்பவர்களிடம் நீ சொல்ல வேண்டியிருக்கும். என் தப்பில் இருந்து எடுத்துக்கொள்ள முடிந்ததை எடுத்துக்கொள். முழுசாகச் சொல். சொல்லிவிட்டு எழுந்து போய்விடாதே, அவர்கள் பக்கத்தில் உட்கார்.

என் தப்பை நான் எழுதிவிட்டேன். இனி உன்னுடையது. இப்போது பயிற்சி நடக்கும் ஊரில் நீ தங்கியிருக்கும் வீட்டு அம்மாவை முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. நீ மூன்றே மாதத்தில் அவர்கள் பாஷையில் சிரிக்கப் பேசுவதும், அவள் உன் தட்டில் மக்காச்சோளக் களியை உருட்டி வைப்பதும் வீடியோவில் பார்த்து எனக்கு எரிச்சலாக இருந்தது. அங்கேயும் ஒரு பெண்ணை அவள் பிள்ளை பெயரைச் சொல்லித்தான் இன்னார் அம்மா என்று கூப்பிடுவார்களாமே. அவள் என்னைக் 'கார்த்தி அம்மா' என்றாள், அதில் கொஞ்சம் இறங்கினேன். ஒரு நாள் நீ சார்ஜர் எடுத்து வருகிறேன் என்று போனை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாய். அவளுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது. அவள் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, நெற்றியில் கை வைத்தாள். பிறகு தோளைக் கட்டிக்கொண்டு உடம்பை நடுக்கிக் காட்டினாள். கட்டிலைக் காட்டினாள். ஐந்து விரலைக் காட்டினாள். கடைசியில் உள்ளே உன் பக்கம் கையைக் காட்டிச் சிரித்து, கட்டைவிரலை உயர்த்தினாள். எல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது.

நீ வந்ததும் கேட்டேன். "என்னடா, ஒடம்புக்கு முடியலையா?"

"லேசா சளிம்மா."

"சளிக்கு அஞ்சு நாள் நடுங்குவாகளா?"

"நெட் கட்டாவுதும்மா, அப்புறம் பேசுறேன்."

நெட் கட்டாகவில்லை, நீதான் கட் செய்தாய். மாமாவைக் கூப்பிட்டுக் கேட்டால், "மலேரியாத்தா, சரியாப்போச்சு, அதான் சொல்லல" என்கிறார். ஆக, என் பிள்ளை நடுக்கத்தில் கிடந்த ஐந்து நாளும் நான் நிம்மதியாக மிளகாய் அரைத்துக்கொண்டு, வந்தவர்களிடம் என் மகன் ஜாம்பியாவில் நல்லா இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். பஸ்ஸில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தது எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நீ என்னைத் தண்டிக்கச் செய்தாய் என்று நினைக்கவில்லை. நான் உனக்குச் செய்ததை நீயும் அதே நல்ல காரணத்துக்காகச் செய்கிறாய். என் வயிற்றில் பிறந்தவன்தானே.

போகாதே என்று இந்தக் கடிதத்தில் எங்கேயாவது எழுதியிருக்கிறேனா, பார். வேலையை விட்டுவிட்டு இதற்குப் போகிறேன் என்று நீ சொன்னபோது பதினேழு நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். பிரசவத்துக்குப் படகில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் அம்மா என்றாய். இங்கே மட்டும் எல்லாம் இருக்கிறதா என்று கேட்டேன். இன்னமும் அதையேதான் கேட்பேன். ஆனாலும் போ. உன்னை நிறுத்த எனக்கு ஆசை இல்லை, உன்னைப் பார்க்கத்தான் ஆசை. பெரியார் பஸ் ஸ்டாண்டில் உன் உயரத்துக்கு ஒருத்தன் ஓடிப் பஸ் ஏறினால் அவன் முகம் தெரியும்வரை நின்றுவிடுகிறேன். விமானம் தாழ்வாகப் போனால் மில் தகரம் அதிர்கிறது. முன்பெல்லாம் அது எனக்குக் காதில் விழாது. நீ மில்லுக்குள் வந்தால் மற்றவர்கள் மாதிரிக் கத்த மாட்டாய். மோட்டார் சத்தத்தில் எனக்கு எதிரே வந்து, நான் நிமிர்கிறவரை பேசாமல் நிற்பாய். மாவுத் தூசிக்கு அந்தப் பக்கம் யாராவது நின்றால் இப்போதும் நான் சட்டென்று நிமிர்கிறேன். ராகி அரைக்க வந்தவர்கள் நிற்கிறார்கள். பொறுங்க என்கிறேன். என் குரல் ஏன் அப்படிக் கடுகடுவென்று வருகிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

நீ இடம் பார்க்கப் போனபோது அனுப்பிய படத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்து மில்லைப் பார்த்தேன். பெண்கள் சோளத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள், சிலர் முதுகில் பிள்ளை. பெல்ட்டுக்கு மூடி இல்லை. சேலையோ துணியோ மாட்டினால் ஆளை இழுத்துவிடும். போன முதல் வாரத்திலேயே மில்காரரிடம் சொல்லித் தகரத்தில் ஒரு மூடி அடிக்கச் சொல். அம்மா மில் வைத்திருக்கிறாள் என்று சொல், கேட்பார். அந்த ஊரில் எனக்கும் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது என்பதில் அன்று முழுக்க எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதை உன்னிடம் அப்போது சொல்லவில்லை. கோபமாக இருந்தேன்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். இதில் பேரம் இல்லை.

நீ வெள்ளிக்கிழமை உறுதிமொழி எடுப்பதற்கு முன்னால் அந்த ஆபீசுக்குப் போய், ஃபாரத்தில் மாமா பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுத வேண்டும். உறவு என்ற இடத்தில் அம்மா என்று எழுது. என் நம்பரை எழுது, அதற்குக் கீழே மெர்சி டீச்சர் நம்பரை எழுது, அவளிடம் கேட்டுவிட்டேன். எழுதியதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு. வார்த்தையில் சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

ஆபீஸ்காரர்கள் கூப்பிட்டால் என்னிடமே பேச வேண்டும். 'ஐ ஆம் மதர். டெல் மீ. ஸ்லோலி' என்று சொல்லப் பழகி வைத்திருக்கிறேன். வீட்டில் ஆண்கள் யாரும் இல்லையா என்று அவர்கள் கேட்கக் கூடாது என்று நீ அவர்களிடம் சொல்ல வேண்டும்.

மாமா இந்தப் பக்கங்களைப் படித்த பிறகு, அவரிடம் வந்த தபால் வேறு ஏதாவது இருந்தால் என்னிடம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அவருக்கு இன்னொரு வேலையும் வைத்திருக்கிறேன். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் உனக்குச் சொல்கிறவர் அவர்தான். முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும், எத்தனை மணிக்கு, எப்படி என்பதோடு. உன் அத்தை முன்னால் வைத்து அவரிடம் சத்தியம் வாங்கிவிட்டேன். நீ வந்து சேர்கிறவரை இங்கே யாரும் காத்திருக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன். வருவதா வேண்டாமா என்பதை உண்மை தெரிந்துகொண்டு நீ முடிவு செய்.

வாரம் ஒரு தடவை நீ அந்தக் குன்று மேல் ஏற வேண்டும். மழையானால் வேண்டாம். உடம்புக்கு முடியாவிட்டால் ஏறாதே, யாரிடமாவது போனைக் கொடுத்து அனுப்பு.

என் பங்கு ஒன்று இருக்கிறது. நீ கூப்பிட்டால் இனிமேல் நல்லா இருக்கியா என்று கேட்க மாட்டேன். அப்படிக் கேட்டால் ஆமாம் என்பதைத் தவிர உனக்கு வேறு பதில் இல்லை. என்ன நடந்தது என்று கேட்பேன். நீ சொல்வாய். எதுவானாலும், நீ சொல்லி முடிக்கிறவரை நான் குறுக்கே பேச மாட்டேன், அழ மாட்டேன். போனை வைத்த பிறகு நான் அழுதால் அது என் பாடு, அதற்காக நீ எதையும் குறைத்துச் சொல்லக் கூடாது.

அம்மா
அவனியாபுரம்